காலின் எடை

ஆறு போதுமா, எட்டு வேணுமா, ஏழில் நிறுத்திப் பார்க்கலாமா என்று காஸ்பர் படகுப் பலகையில் உட்கார்ந்து ஈயக்கட்டிகளை எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தான். ஒவ்வொன்றும் ஒரு கிலோ. சோப்புக்கட்டி அளவு, ஓரமெல்லாம் மழுங்கி, விரலில் கருப்பு ஒட்டுகிற பழைய ஈயம். போன வருஷம் வரை இது யோசிக்கிற விஷயமாகவே இருந்ததில்லை. தூத்துக்குடியில் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கிற ஓர் ஆய்வு நிலையத்தில் அவன் முக்குளிக்கிற வேலைக்குச் சேர்ந்தபோது இளவட்டம், இப்போது நரை தட்டிவிட்டது, இத்தனை காலமும் அதே மெல்லிய ரப்பர் உடுப்பு, அதே அலுமினிய சிலிண்டர், இடுப்பில் அதே ஆறு கட்டி. சட்டைக்குப் பொத்தான் போடுகிற மாதிரி கை தானாகக் கோத்துவிடும். இன்றைக்குக் கை நிற்கிறது. உடம்பு மாறிவிட்டது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. துறைமுகச் சாலையில் பைக் சறுக்கி விழுந்தவன் மேல் லாரிச் சக்கரம் ஏறி இறங்கியதில் போன கால். செயற்கைக் காலைக் கழற்றிப் படகு டிரைவர் செல்வினிடம் கொடுத்திருந்தான். செல்வின் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து, வெயில் படக்கூடாது என்று மேலே ஒரு துண்டையும் போட்டான். காரைச்சல்லித் தீவு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. காற்று இல்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது, நல்ல நாள், இன்றைக்கு முடியவில்லை என்றால் கடலைக் குறை சொல்ல முடியாது. உடுப்பின் இடது காலை மடக்கித் தொடையோடு சேர்த்து ரப்பர் பட்டையால் கட்டியிருந்தான், நேற்று வீட்டில் மனைவி ப்ளோரா அதை வெட்டித் தைத்துவிடலாம் என்றாள், வேண்டாம் என்றான், ஒரு உடுப்பை எதற்கு வெட்டணும், அவ்வளவுதான்.

ஈயம் எதற்கு என்று கேட்டால் கரையில் இருக்கிறவர்கள் மூழ்குவதற்கு என்பார்கள். அப்படியில்லை. மூழ்கவும் கூடாது, மிதக்கவும் கூடாது, சொன்ன இடத்தில் நிற்கணும், அதற்குத்தான். மனுஷ உடம்பு மிதக்கப் பார்க்கும், ரப்பர் உடுப்பு இன்னும் மிதக்கப் பார்க்கும், அந்த ஆசையைச் சரியாக அடக்குகிற அளவு ஈயம், ஒரு பிடி கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். கணக்கெடுப்பவன் பவளத்துக்கு ஒரு முழம் மேலே அசையாமல் நிற்கணும். கை பட்டால் ஒரு கிளை ஒடியும், அந்தக் கிளை அவன் விரல் நீளம் வளர எத்தனையோ வருஷம் பிடித்திருக்கும். இதையெல்லாம் புதுசாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். அதனால்தான் நிலையத்தில் யாரும் கேட்பதற்கு முன் அவனே சொன்னான்: ஒருநாள் இறங்கிப் பாக்கேன், பவளத்துல பட்டுட்டேன்னா நானே மேல வந்து கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துருதேன், அடுத்தவங்க எடுத்துட்டு வார போட்டோவப் பாத்து எண்ணிக்கிட்டு இருக்கேன். சொல்லும்போது வீரமாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் அந்தக் கம்ப்யூட்டர் அறையின் ஏசி வாடையே மூக்கில் ஏறுகிறது. ரெண்டு கால் இருந்தபோது ஈயத்தில் செய்கிற தப்பைக் கால் சரிக்கட்டிவிடும், கொஞ்சம் கனத்தால் உதைத்து மேலே வரலாம், கொஞ்சம் லேசானால் உதைத்துக் கீழே இருக்கலாம், எத்தனை நாள் அப்படி உதைத்தே சமாளித்தோமோ, தெரியாது. ஒற்றைக் காலுக்குச் சமாளிப்பு கிடையாது. ஈயம் சரியாக இருக்கணும். சரி என்றால் எவ்வளவு?

நாலு கிலோ என்று ரொசாரியோ சொன்னான். அந்த எண்ணில்தான் புத்தி போய்ப் போய்ச் சிக்கிக்கொள்கிறது. ரொசாரியோ ப்ளோராவின் தம்பி, பள்ளிக்கூட வாத்தியார், எறும்பை மிதிக்காத ஆள். ஆஸ்பத்திரியில் காலை எடுத்த அன்றைக்கு, நீங்களே கொண்டுபோறீங்களா, நாங்களே எரிச்சிரவா என்று கேட்டிருக்கிறார்கள். அவன்தான் வாங்கிக்கொண்டு போய், சாமியாரிடம் சொல்லி, கோயில் கல்லறைத் தோட்டத்தில் காஸ்பருடைய அப்பாவின் குழிக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டு வந்தான். கல்லறைத் திருநாளுக்கு ப்ளோரா அங்கே ஒரு மெழுகுவத்தி கூடுதலாக ஏற்றினாள். யாருக்கு ஏற்றுகிறாய் என்று பக்கத்துக் கல்லறைக்காரி கேட்டாளாம், எங்க வீட்டுக்காரருக்கு என்றாளாம், அவள் பயந்துபோய் வீடு வரைக்கும் துக்கம் கேட்க வந்துவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருந்த அவனைப் பார்த்து அவள் போட்ட சிலுவை அடையாளம்! அதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. கால் மட்டும் முன்னாலேயே போய் அப்பா பக்கத்தில் இடம் பிடித்துவிட்டது, பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி. ஆனால் பிறகு ஒருநாள் ரொசாரியோவிடம் கேட்டது சிரிப்புக்கு இல்லை.

"மச்சான், கால் என்ன வெயிட்டு இருந்துச்சு?"

"என்ன மச்சான் கேள்வி இது. விடுங்க."

"சும்மா, தெரிஞ்சிக்கிடணும். தூக்குனது நீங்கதானே."

ரொசாரியோ ஜன்னலைப் பார்த்தான். "ஒரு நடுத்தரச் சீலா மீன் இருக்கும். நாலு கிலோ சொல்லலாம்." பிறகு, யாரும் கேட்காமலேயே, "ஆனா போகப்போக ரொம்பக் கனத்துட்டு மச்சான். ரெண்டு கையையும் மாத்தி மாத்தித்தான் தூக்குனேன்" என்றான்.

நாலு கிலோ. அப்படியானால் நாலு கட்டி ஈயம் கூடுதலாகப் போட்டால் பழைய ஆள் ஆகிவிடலாமா? ஆறும் நாலும் பத்து? இது தப்பு என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தும் விரல்கள் நாலு கட்டியைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தன. தண்ணீருக்குள் தராசே வேறு. ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ அவ்வளவு எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும், எலும்பும் சதையும் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம், அந்தக் கொஞ்சம்தான் தண்ணீருக்குள் காலின் எடை. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று யாரும் நிறுத்துப் பார்த்துச் சொல்லவில்லையே. அவன் கால் இருந்தவரைக்கும் அதற்கு ஓர் எடை உண்டு என்றே அவனுக்குத் தெரியாது. கட்டிலில் கிடந்த மாசங்களில் தொடைச் சதை வற்றிவிட்டது, சதை கனம், அது போனால் மிதப்பான். ப்ளோரா வடித்துப்போட்டுப் போட்டுத் தொப்பை விழுந்திருக்கிறது, கொழுப்பு மிதக்கும், அதனாலும் மிதப்பான். காலில் மாட்டுகிற துடுப்பு, ஃபின், அதுவும் இப்போது ஒன்றுதான், அந்த ரப்பர் கனமா மிதப்பா, இதுவரை அதைத் தனியாகத் தண்ணீரில் விட்டுப் பார்த்ததில்லை, வீட்டுக்குப் போய் வாளியில் போட்டுப் பார்க்கணும். எல்லாம் சேர்ந்தால் என்ன? ஒரு ஆளின் உடம்பு என்பது இத்தனை கூட்டலும் கழித்தலுமா, நடக்கிறவன் ஒருத்தனுக்காவது இது தெரிந்திருக்குமா, ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் தங்கள் கால் எவ்வளவு கனம் என்று தெரியாமலேயே தூக்கித் தூக்கி வைத்துப் போய்க்கொண்டிருக்கிறார்களே. கம்மியாகப் போட்டால் என்ன ஆகும், மேலே வந்துவிடுவான், அவமானம், அவ்வளவுதான். கூடுதலாகப் போட்டால்? அடியில் போய்ப் பவளத்தின் மேல் உட்காருவான், உதைத்து எழும்ப இன்னொரு கால் கிடையாது. ப்ளோராவின் யோசனையும் இதே இடத்துக்குத்தான் வந்திருக்கும். போன வாரம் பெல்ட்டைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டு, "கீழ மாட்டிக்கிட்டா இத எப்பிடிக் கழட்டுவிய?" என்றாள். ஒரே இழுப்புதான் என்றான். காட்டுங்க என்றாள். கட்டில் ஓரத்தில் நின்று பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கொக்கியை இழுத்தான், ஆறு கிலோவும் தரையில் விழுந்து தளக்கல்லைக் கீறிவிட்டது. அவள் கீறலைப் பார்க்கவே இல்லை. "இன்னொரு தடவ" என்றாள். இந்தத் தடவை பாயை விரித்துவிட்டு.

"என்னண்ணே, கடையா போட்டிருக்கீங்க?" என்றாள் நாச்சியார். அவனோடு ஜோடியாக இறங்குகிறவள் அவள். பவளம் படித்தவள், அம்பாசமுத்திரத்துக்காரி, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவனோடுதான் இறங்குகிறாள். தண்ணீருக்கடியில் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்த்தே பாதிப் பேச்சு முடிந்துவிடும். விபத்துக்குப் பிறகு மேலே பேசுகிற பேச்சில்தான் அவளுக்கு ஒரு ஜாக்கிரதை வந்துவிட்டது. நடக்கிறது, ஓடுகிறது, உதைக்கிறது போன்ற சொற்களைச் சுற்றிக்கொண்டு போவாள், நொண்டி என்ற சொல் வந்துவிடுமோ என்று நொண்டியடித்து விளையாடின கதையைப் பாதியில் நிறுத்தினவள். "பழைய ஆறுல ஆரம்பிப்போம். எங்கிட்டப் பையில ஒரு முழுக் கட்டியும் ஒரு அரைக் கட்டியும் இருக்கு. வேணும்னா கீழ வச்சுத் தாரேன்."

"கனத்துட்டுன்னா?"

"நான் எதுக்கு இருக்கேன்? காத்த ஊதி ஜாக்கெட்ட நிரப்பிட்டு மேல வந்துருவோம். இன்னைக்கு ஒண்ணும் எண்ண வேண்டாம். எடை மட்டும் பாப்போம்."

நாலு கட்டியையும் பெட்டியில் போட்டுவிட்டு அவன் ஆறோடு பின்புறமாகச் சாய்ந்தான். வானம் புரண்டது. தண்ணீர் காதுக்குள் இரைந்தது. அப்புறம், அவன் பயந்துகொண்டிருந்ததே அதுதான், இல்லாத பாதத்தில் குளிர் ஏறியது. கட்டிலில் அந்தப் பாதம் எப்போதும் சுருட்டிக்கொண்டு வலிக்கும், நடுராத்திரி அவன் எழுந்து அதைத் தடவக் கை நீட்டிப் படுக்கையைத் தடவுவான். இங்கே அது வலிக்கவில்லை. ஐந்து விரலும் விரிந்துகொண்ட மாதிரி இருந்தது. இது என்ன, மண்ணுக்குள் கிடக்கிறதற்கு எப்படித் தண்ணீர் தெரிகிறது, மூளை செய்கிற வேலை என்று டாக்டர் சொன்னார், சரி மூளையே செய்யட்டும், ஆனால் குளிர் என்று மூளைக்கு யார் சொன்னது. நாச்சியார் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் காட்டினாள், சரியா என்று. அவனும் காட்டினான். இப்போது சோதனை. மேலே மாட்டியிருக்கிற மிதவை ஜாக்கெட்டில் இருக்கிற காற்றை எல்லாம் விட்டுவிட்டு, பாதி மூச்சைப் பிடித்துக்கொண்டு, கைகால் அசைக்காமல் நேராக நிற்கணும். தண்ணீர் கண் மட்டத்துக்கு வந்து நின்றால் சரியான எடை. ஆனால் அது சிலிண்டர் காலியாக இருக்கிறவனுக்கு. நிறைந்த சிலிண்டருக்குள் இருக்கிற காற்றுக்கே இரண்டரைக் கிலோ எடை உண்டு, அதை மூச்சு மூச்சாக இழுத்து வெளியே விட்டுவிட்டு வருகிறவன் போனபோது இருந்ததைவிட லேசாகத்தான் திரும்பி வருவான். அதனால் போகும்போது கொஞ்சம் அமிழணும். அமிழ்ந்தான். கண்ணைத் தாண்டி, நெற்றியைத் தாண்டி, உச்சி நனைந்து, மெதுவாக, லிஃப்ட் இறங்குகிற மாதிரி. பழைய வேகம்தானா? பழைய வேகம் எது என்று ஞாபகம் இல்லை. பத்து கட்டியோடு குதித்திருந்தால் இந்நேரம் அடியில் கிடந்திருப்பான்.

அடி ஆழமில்லை, தென்னை மரத்தில் பாதி உயரம்கூட வராது, அதுதான் சங்கடமும். ஆழத்தில் ரப்பர் உடுப்பு நசுங்கித் தன் மிதப்பை இழந்துவிடும், இந்த மாதிரி மேலாப்பில்தான் ஒவ்வொரு கிராமும் பேசும். மான்கொம்புப் பவளம் அவன் நெஞ்சுக்குக் கீழே விரிந்து வந்தது, நுனியெல்லாம் வெளிறிய நீலம். பிழைத்திருக்கிறது. போன கோடையில் வெளுத்துக் கிடந்ததாக நாச்சியார் சொல்லியிருந்தாள், இது எப்படி மீண்டது, எந்த ஓரத்திலிருந்து நிறம் திரும்ப ஆரம்பித்தது, பக்கத்தில் போய்ப் பார்க்கணும் என்று நினைத்த கணத்தில் பழக்கத்தில் கால் உதைத்துவிட்டது. ஒற்றை ஃபின் அவனை நேராகத் தள்ளவில்லை, திருகியது. வலது தோள் தாழ்ந்து, இடுப்பு புரண்டு, முகம் வானத்தைப் பார்க்க, முதுகில் இருக்கிற சிலிண்டர் பவளத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. உதைக்காதே. உதைத்தால் இன்னும் திருகும். மூச்சை இழு. நெஞ்சு நிறைய இழு. ஒரு பெரிய மூச்சு உடம்பை எவ்வளவு தூக்கும், தூக்குமா, தூக்கு. நாச்சியாரின் கை நீண்டு வருவது தெரிந்தது, வேண்டாம் என்று விரலை ஆட்டினான். தூக்கியது. கொம்பு நுனிக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு விரற்கடை இருந்திருக்கும், அல்லது அதுவும் இல்லை, ஒரு குட்டி மீன் அந்த இடுக்கில் புகுந்து போனதை அவள் பிறகு சொன்னாள். அப்படியே மெதுவாகப் புரண்டு குப்புற வந்து, பெல்ட்டில் வலப்பக்கம் இருந்த கட்டிகளில் ஒன்றை விரலால் நெட்டித் தள்ளி இடப்பக்கம் கொண்டுவந்தான். முதலில் வலது தோள் தூக்கியது. பாதி திருப்பித் தள்ளினான். நின்றது. ஒன்றும் செய்யாமல் இருந்தான். மூச்சு இழுத்தால் ஒரு சாண் ஏறினான், விட்டால் ஒரு சாண் இறங்கினான். கையைக் கட்டிக்கொண்டு, இருக்கிற காலையும் மடக்கி, தொங்கினான். இப்படி நிற்கிறவனுக்கு எத்தனை கால் என்று இந்தக் கிளிமீனுக்குத் தெரியுமா, அது பாட்டுக்குப் பாறையைக் கரண்டிக்கொண்டிருக்கிறது, கரகரவென்று சத்தம் கேட்கிறது. நிறம் ஓரத்திலிருந்து திரும்பவில்லை, அடித்தண்டிலிருந்து திரும்பியிருக்கிறது. அவன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். நாச்சியார் இரண்டு முறை காற்று எவ்வளவு என்று கேட்டாள், ரெண்டாவது முறைதான் பார்த்தான்.

காற்று குறைந்த பிறகு மேலே வரும் வழியில் நிறுத்தினார்கள், அங்கேதான் உண்மையான பரீட்சை. சிலிண்டர் லேசாகிவிட்டது, பின்பக்கம் பலூன் கட்டிய மாதிரி தூக்கியது. அவன் நிற்கப் பார்த்தான். நிற்கவில்லை. வேகமாக இல்லை, கள்ளத்தனமாக, பால் பொங்குகிற மாதிரி மேலே மேலே. மூச்சை விட்டான், நின்றது. இழுத்தான், ஏறினான். அரை மூச்சு மூச்சாக விட்டுச் சமாளிக்கலாம், ஆனால் அப்படித் திணறிக்கொண்டு ஒருத்தன் பவளம் எண்ண முடியாது. ஆக ஆறு போதாது. பழைய ஆறு இல்லை. இதில் வருத்தம் வரவேண்டிய இடம் இது என்று அவனுக்கே தோன்றியது, வந்ததோ ஆவல்தான், அப்படியானால் எவ்வளவு, எவ்வளவு. கையை நீட்டினான். நாச்சியார் பையிலிருந்து முழுக் கட்டியை எடுத்து வைத்தாள். கல்லாக இறங்கினான், திருப்பிக் கொடுத்தான். அரைக் கட்டியை வைத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு பாதி மூச்சில் நின்றான். இறங்கினான். மெதுவாக, ஆனால் இறங்கினான். கட்டியை அவள் வாங்கிக்கொண்டாள், ஏறினான். வைத்தாள், இறங்கினான். இரண்டு பேரும் தராசுத் தட்டைப் பார்க்கிற மாதிரி அவன் உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படகின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு முகக்கண்ணாடியைக் கழற்றும்போதே அவன் கேட்டுவிட்டான். "என்ன நெனைக்க நாச்சியா?"

அவள் உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, அவசரமாக, இத்தனை மாசத்து ஜாக்கிரதையையெல்லாம் மறந்து சொன்னாள். "அரை அதிகம்ணே. உங்களுக்கு கால் போதும்."

செல்வின் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றான். நாச்சியார் தன் வாயில் கையை வைத்தாள். "ஐயோ அண்ணே, நான் கிலோவச் சொன்னேன், கால் கிலோவ, ஈயத்த..."

கால் கிலோ. ரெண்டு கை மாற்றி மாற்றி ரொசாரியோ தூக்கிக்கொண்டு போனது, கடலுக்குள் அவனோடு இத்தனை வருஷம் வந்தது, ஒரு சின்னப் பொட்டலம் மிளகாய்த்தூள் அளவு. ஒரு மூச்சுக்குள் அடங்கிவிடும். அது காலோ, தொப்பையோ, யார் கண்டார்கள். காஸ்பருக்குச் சிரிப்பு எங்கிருந்தோ கிளம்பியது, படகின் விளிம்பை விட்டுவிட்டான், ஜாக்கெட்டில் காற்று இருந்ததால் மல்லாந்து மிதந்தான், சிரிக்கச் சிரிக்க வாய்க்குள் கடல் போனது. இருமினான், மறுபடி சிரித்தான். அவன் சிரிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் நாச்சியாருக்குத் தைரியம் வந்தது, அவளும் சிரித்தாள், ஏணியைப் பிடித்திருந்த கை நழுவுகிற அளவுக்கு.

"செல்வின்," என்றான் மூச்சு வந்ததும், "அந்தப் பெட்டியில பாரு. கால் கட்டி ஏதாவது கெடக்கா? இன்னொரு சிலிண்டர் இருக்குல்லா. அந்த வடக்குப் பக்கத்துப் பாறைய இன்னும் பாக்கலையே."